கடிவாளம் அறுந்த செல்கள்



அரையாண்டு விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பிய எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து வந்து விலங்கியல் ஆசிரியையிடம் நீட்டினாள். அவளுடைய ஊர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைத் தாண்டி நெடுந்தூரம் நடந்து போக வேண்டிய சிற்றூர். தாளோ அவளுடைய ஆயாவின் மருத்துவ அறிக்கை. நுரையீரல் புற்றுநோய் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. அதற்குக் கீழே, ஈ.ஜி.எஃப்.ஆர். என்னும் ஜீனில் மாற்றம் காணப்படுகிறது என்று ஒரு வரி இருந்தது.

"எங்க ஆயா பீடியைக் கையாலகூடத் தொட்டதில்லை, டீச்சர். அவங்களுக்கு எப்படி இது வரும்?" என்று கேட்டாள்.

ஆசிரியை உடனே விடை சொல்லவில்லை. "இந்த ஒரு வரியைச் சரியாகப் படிக்க நமக்கு ஒரு பருவம் வேண்டும்" என்றார்கள். அன்று முதல் வெள்ளிக்கிழமைகளின் கடைசிப் பாடவேளை அந்த ஒரு வரிக்கே போயிற்று. நாங்கள் கற்றவற்றை நம் ஆண்டு மலருக்கு எழுதித் தருகிறோம்.

ஜவ்வாது மலை என்றதும் சாமையும் புளியும் தேனும் நம் நினைவுக்கு வரும். எங்கள் பாடமும் தேன்கூட்டிலிருந்துதான் தொடங்கியது. ஒரு கூட்டில் ராணித் தேனீ ஒன்று. வேலைக்காரத் தேனீக்கள் ஆயிரக்கணக்கில். ராணி உருவில் பெரியது, ஆண்டுக்கணக்கில் வாழ்வது, முட்டையிடுவது. வேலைக்காரத் தேனீயோ சில வாரங்கள் அலைந்து உழைத்து மடிவது. இரண்டும் வெவ்வேறு வகை முட்டையிலிருந்து வந்தவை என்றுதானே நினைப்போம்? இல்லை. இரண்டிற்கும் முட்டை ஒன்றே. அதனுள் இருக்கும் ஜீன்களும் ஒன்றே. புழுப் பருவத்தில் ஊட்டப்படும் உணவுதான் வேறு. அந்த உணவு ஜீன்களை மாற்றுவதில்லை. எந்த ஜீன் பேச வேண்டும், எது வாய்மூடி இருக்க வேண்டும் என்பதைத்தான் மாற்றுகிறது.

2008-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகர ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். டி.என்.ஏ. இழையின்மேல் மெத்தில் என்னும் சிறு வேதிப்பொருளை முத்திரைபோல் ஒட்டும் நொதி ஒன்று உண்டு. முத்திரை விழுந்த ஜீன் பெரும்பாலும் அடங்கிவிடும். தேனீப் புழுக்களில் அந்த நொதி உருவாகாதபடி அவர்கள் தடுத்தார்கள். வேலைக்காரத் தேனீக்களாக வேண்டிய புழுக்களில் பெரும்பாலானவை ராணிகளாக வெளிவந்தன! ஜீன்களில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. படிக்கும் முறைதான் மாறியது.

நம் உடலும் அப்படித்தான். புரதங்களைச் செய்வதற்கான ஜீன்கள் நம்மிடம் ஏறத்தாழ 20,000 இருக்கின்றன. கண்ணின் செல்லிலும் குடலின் செல்லிலும் நுரையீரலின் செல்லிலும் இருப்பது அதே தொகுதி. விடுதிச் சமையலறையில் நூறு வகைச் சமையலும் எழுதிய ஒரே நோட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எந்தப் பக்கத்தைத் திறப்பது, இரவில் எதை மூடுவது என்று சொல்ல ஒருவர் வேண்டுமல்லவா? செல்லில் அந்த வேலையைச் சில புரதங்கள் செய்கின்றன. ஒவ்வொரு ஜீனுக்கும் முன்னால் இருக்கும் தொடக்கப் பகுதியில் அவை வந்து அமர்ந்தால் ஜீன் படிக்கப்படும், அல்லது தடுக்கப்படும். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் ஜாக்கப், மோனோ என்னும் இருவர், குடலில் வாழும் சாதாரண பாக்டீரியாவில் இதைக் கண்டு 1961-இல் விளக்கினர். பால் சர்க்கரை கிடைக்கும்போது மட்டுமே, அதைச் செரிக்கும் நொதியின் ஜீனை அந்தப் பாக்டீரியா திறக்கிறது. தேவையில்லாதபோது மூடி வைக்கிறது. ஒரு சிற்றுயிருக்கு இருக்கும் சிக்கனத்தைப் பாருங்கள்! 1965-இல் லுவாஃப் என்பவரோடு இவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இனி நுரையீரலுக்கு வருவோம். அதில் 30 கோடி முதல் 50 கோடி வரை நுண்ணிய காற்றறைகள் உள்ளன. அவற்றின் சுவரில் இரண்டு வகைச் செல்கள் முக்கியமானவை. ஒன்று தாள்போல் மெலிந்தது. ஆக்சிஜன் அதன் வழியாகத்தான் இரத்தத்திற்குள் போகிறது. மற்றது கனசதுர வடிவில் உருண்டு திரண்டது. காற்றறை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழுவழுப்பான பொருளைச் சுரக்கிறது. இதற்கு இன்னொரு கடமையும் உண்டு. தூசியோ புகையோ கிருமியோ சுவரைப் புண்படுத்தினால், இந்த இரண்டாம் வகைச் செல்தான் பெருகிப் பழுதை அடைக்கும். அடைத்து முடிந்ததும் நின்றுவிடும். ஆக, "பெருகு" என்னும் கட்டளை நம் நுரையீரலுக்குப் புதியது அன்று. அது நம்மைக் காப்பதற்காக ஏற்பட்ட கட்டளை. புற்றுநோய் என்பது வெளியிலிருந்து வந்த பகைவன் என்றே நாங்கள் அதுவரை எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் அன்றோடு போயிற்று.

அந்தக் கட்டளை எப்படிப் பிறக்கிறது? செல்லின் மேல்தோலில், பாதி வெளியேயும் பாதி உள்ளேயுமாக நிற்கும் ஒரு புரதம்தான் ஈ.ஜி.எஃப்.ஆர். வெளியிலிருந்து ஒரு வளர்ச்சிப் பொருள் வந்து தொட்டால் அது விழித்துக்கொள்ளும். அந்த வளர்ச்சிப் பொருளைக் கண்டவர் அமெரிக்கரான ஸ்டான்லி கோஹன். ஒரு சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தியபோது, அவை கண் திறக்கும் நாளுக்கு முன்பே கண் திறந்தன. "ஏன் இத்தனை சீக்கிரம்?" என்று அவர் விடாமல் கேட்டதன் பயன் அது. 1986-இல் அவருக்கும் ரீட்டா லேவி மொண்டால்சினி என்னும் இத்தாலியப் பெண்மணிக்கும் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. விழித்த ஈ.ஜி.எஃப்.ஆர். செய்தியை ராஸ் என்னும் புரதத்திடம் தரும். ராஸ் அடுத்ததற்குத் தரும். கைமாறிக் கைமாறி அது உட்கருவை எட்டும். அங்கே மிக் போன்ற ஜீன்கள் திறக்கும். மிக் தானே ஒரு கட்டுப்படுத்தும் புரதத்தைச் செய்வது; ஆகவே அது திறந்தால் அதன் கீழுள்ள நூற்றுக்கணக்கான ஜீன்கள் வரிசையாகத் திறக்கும். செல் இரண்டாகும். பிறகு செய்தி தேய்ந்து எல்லாம் பழையபடி அடங்கும்.

எங்கள் தோழியின் ஆயாவுக்கு நேர்ந்தது என்ன? அந்த ஈ.ஜி.எஃப்.ஆர். ஜீனில் சில எழுத்துகள் மாறிப்போயின. வாசலில் அழைப்பு மணியின் பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டால் யாரும் அழுத்தாமலே மணி ஓயாது அடிக்குமே, அதுபோலத்தான். வளர்ச்சிப் பொருள் வந்து தொடாமலே "பெருகு, பெருகு" என்ற செய்தி உட்கருவுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

புற்றுநோயைத் தூண்டும் ஜீன்கள் நம்முடையவையே என்பதை 1976-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் பிஷப், வார்மஸ் என்னும் இருவர் மெய்ப்பித்தார்கள். கோழிக்குப் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு வைரஸின் ஜீன், முன்னொரு காலத்தில் கோழியிடமிருந்தே வைரஸ் எடுத்துக்கொண்டது என்று அவர்கள் கண்டனர். 1989-இல் அவர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பொத்தான் சிக்கினால் மட்டும் புற்றுநோய் வந்துவிடாது. செல்லுக்குக் கடிவாளங்களும் உண்டு. அவற்றுள் தலையானது பி-53. டி.என்.ஏ. பழுதுபட்டால் இந்தப் புரதம் ஓடிவந்து, பிரிதலை நிறுத்தும் ஜீன்களைத் திறக்கும். பழுது பெரிதானால் செல்லையே மடியச் செய்யும். புகையிலைப் புகையிலுள்ள பென்சோபைரீன் என்னும் பொருள் உடலில் மாற்றமடைந்து, இந்த பி-53 ஜீனின் குறிப்பிட்ட சில இடங்களில் போய் ஒட்டுகிறது என்றும், நுரையீரல் புற்றுநோயில் அந்த ஜீன் கெட்டிருப்பதும் பெரும்பாலும் அதே இடங்களில்தான் என்றும் 1996-இல் கண்டறிந்தார்கள். புகைக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவு 1950-லேயே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கணக்கெடுப்பால் தெரிந்திருந்தது. ஆனால் புகை கைவைக்கும் இடத்தை எழுத்து எழுத்தாகக் காட்டியது இதுதான்.

பீடிக்கு வடிகட்டி இல்லை, இலைதானே என்று சிலர் அதை இலேசாகப் பேசுவார்கள். சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் ஆண்களிடையே நடந்து 2003-இல் வெளியான ஆய்வு, பீடியும் சிகரெட்டைப் போலவே நுரையீரல் புற்றுநோயைக் கொண்டுவருகிறது என்று காட்டியது. வேலூர், குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளிலிருந்தும் நம்மில் சிலர் வருகிறோம். அந்தத் தொழிலைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. சுற்றும் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை என்பது நமக்குத் தெரியும்.

இன்னொரு கடிவாளம் பி-16. இதில்தான் எங்களுக்கு வியப்பு மிகுந்தது. பல நோயாளிகளின் நுரையீரல் கட்டியில் இந்த ஜீனின் எழுத்துகள் சற்றும் கெடாமல் அப்படியே இருக்கின்றன. ஆனால் அதன் தொடக்கப் பகுதியின்மேல் மெத்தில் முத்திரைகள் குவிந்து அதை ஊமையாக்கி வைத்திருக்கின்றன. தேன்கூட்டில் ராணியையும் வேலைக்காரியையும் பிரித்து வைக்கும் அதே முத்திரைதான்! புகைப்பவர்களின் நுரையீரலில், கட்டி உருவாவதற்கு முன்பே சில செல்களில் இந்த ஊமைத்தனம் தொடங்கிவிடுகிறது. வேறு சிலரிடம் ஏ.எல்.கே. என்னும் ஜீன் இடம்பெயர்ந்து வேறொரு ஜீனோடு ஒட்டிக்கொள்கிறது. வளர்ந்தவரின் நுரையீரலில் உறங்கிக்கிடக்க வேண்டிய அந்த ஜீன், அண்டை ஜீனின் தொடக்கப் பகுதி கிடைத்ததால் பேசத் தொடங்குகிறது. இதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007-இல் கண்டார்கள்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. பற்றியும் சொல்ல வேண்டும். மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் ஆம்ப்ரோஸ், ருவ்குன் என்னும் இருவர் இதைக் கண்டனர். 2024-இல் நோபல் பரிசு பெற்றனர். இது புரதமே செய்யாத ஒரு துணுக்கு. ஜீனிலிருந்து புறப்பட்ட செய்தியை வழியிலேயே மடக்கிப் புரதம் உருவாகாமல் தடுப்பது இதன் வேலை. லெட்-7 என்னும் துணுக்கு ராஸ் புரதத்தை இவ்வாறு அளவோடு வைக்கிறது. நுரையீரல் புற்றுநோய்க் கட்டிகள் பலவற்றில் லெட்-7 குறைந்துபோயிருப்பது 2004-இல் தெரியவந்தது. காவலர் குறைந்தால் ராஸ் மிகுவது இயல்புதானே.

"அதெல்லாம் சரி டீச்சர், ஆயாவுக்கு ஏன்?" என்று எங்கள் தோழி மறுபடியும் கேட்டாள்.

அந்த வீட்டை நாங்கள் பார்த்திருக்கிறோம். முந்தைய ஆண்டு கல்விச் சுற்றுலாவில் காவலூர் வான்ஆய்வகத்திற்குப் போய், 1986-இல் தொடங்கிவைக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கியைக் கண்டு திரும்பும் வழியில் அவள் வீட்டில் சாமைச் சோறு சாப்பிட்டோம். விண்மீன்களைப் பார்க்கத் தெளிந்த வானம் வேண்டும் என்றுதான் அந்த மலையைத் தேர்ந்தார்கள். வெளியே அத்தனை தூய காற்று! ஆனால் தாழ்ந்த புல்வேய்ந்த கூரையின் உள்ளே, சன்னல் இல்லாத அறையில், ஆயா ஊதுகுழலோடு அடுப்பின் முன் குனிந்திருந்தார். கூரையின் உட்புறம் கரிபிடித்து மின்னியது. பரண்மேல் விதைக்கு வைத்த கதிர்களைப் பூச்சி அரிக்காமல் அந்தப் புகை காக்கும் என்றார். நாங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தோம். அவர் சிரித்தார். அந்த அடுப்பின் முன் அறுபது ஆண்டுகள்.

விறகடுப்பு எரியும்போது காற்றில் மிதக்கும் நுண்துகள், ஒரு கன மீட்டருக்குப் பல நூறு மைக்ரோகிராம் வரை ஏறும். ஒரு நாளைக்கு 15-க்கு மேல் வேண்டாம் என்பது 2021-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு முகமையின் வல்லுநர்கள் 2006-இல் கூடி, வீட்டில் எரிக்கும் நிலக்கரியின் புகை புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்றும், விறகுப் புகை உண்டாக்கக்கூடும் என்பதற்கு வாய்ப்பு மிகுதி என்றும் வகைப்படுத்தினர். சீனாவில் யுன்னான் மாநிலத்தில் சுவான்வெய் என்றோர் ஊர் உண்டு. அங்கே பெண்கள் புகைப்பதில்லை. ஆனால் நுரையீரல் புற்றுநோயால் மாண்ட பெண்கள் அந்நாட்டிலேயே மிக அதிகம். புகை கக்கும் கரியை வீட்டின் நடுவே திறந்த குழியில் எரித்துவந்தார்கள். புகைபோக்கி வைத்த அடுப்புக்கு மாறிய குடும்பங்களில், பல ஆண்டுகளுக்குப் பின் அந்நோய் ஏறக்குறையப் பாதியளவுக்குக் குறைந்ததை 2002-இல் பதிவுசெய்தார்கள். ஒரு புகைபோக்கி அத்தனை வேலை செய்திருக்கிறது.

புகை அங்கே என்னதான் செய்கிறது? ஜீனின் எழுத்தைக் கெடுக்கிறது என்பதே நாம் எல்லாரும் சொல்லும் விடை. 2023-இல் லண்டனின் சார்லஸ் ஸ்வான்டன் குழுவினர் வேறொரு விடையைத் தந்தார்கள். புற்றுநோய் பற்றாத இயல்பான நுரையீரல் திசுவை அவர்கள் துருவிப் பார்த்தபோது, 100-க்கு 18 மாதிரிகளில் அதே ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருந்தது! வயது ஏற ஏற, பிரதியெடுக்கும் பிழையாக அது தானே சில செல்களில் நேர்ந்துவிடுகிறது. அச்செல்கள் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்கும். பின்னர், அதே மாற்றம் உள்ள எலிகளின் நுரையீரலுக்குள் நுண்துகள்களைச் செலுத்தினார்கள். துகளை விழுங்க வந்த காவல் செல்கள் ஐ.எல்.-1 பீட்டா என்னும் அழற்சிப் பொருளை உமிழ்ந்தன. அது பட்டதும் உறங்கிய செல்களில் "பழுது பார்" என்னும் ஜீன்கள் திறந்துகொண்டன. பொத்தான் சிக்கிய செல், பெருகும் பருவத்திற்குத் தள்ளப்பட்டது, கட்டி எழுந்தது. துகள் எழுத்தைத் திருத்தவில்லை. உறங்கியதை எழுப்பியது.

அவர்கள் ஆராய்ந்தது நகரத்துக் காற்று. மலை வீட்டின் அடுப்பன்று. ஆனாலும் எங்கள் தோழி அந்தப் பக்கத்தை இரண்டு முறை வாங்கிப் படித்தாள். நம் நாட்டில் நுரையீரல் புற்றுநோய்க்கு ஆளாகும் பெண்களில் பெரும்பாலோர் புகைக்காதவர்களே என்பதையும் ஆசிரியை அன்று சொன்னார்கள்.

ஒன்றை வருத்தத்தோடு எழுதுகிறோம். ஆயாவுக்கு இருமல் தொடங்கியபோது ஓரிடத்தில் காட்டினார்கள். மார்பில் நிழல் தெரிகிறது, காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். சளியில் கிருமி இருந்ததா என்று யாரும் சொல்லவில்லை, வீட்டாரும் கேட்கவில்லை. அப்படியே ஐந்து மாதங்கள் போய்விட்டன. இரு வாரங்களுக்கு மேல் இருமல் என்றால் முதலில் காசநோயைத்தான் பார்க்க வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் சளிச் சோதனையில் கிருமி காணாதபோதும், மருந்துக்கு இருமல் மசியாதபோதும், சளியில் இரத்தம், எடை குறைதல், குரல் கம்மல் என்று சேரும்போதும் கட்டியை நினைக்க வேண்டும். ஸ்கேன் எடுத்து, ஊசியால் சிறிது திசு எடுத்துப் பார்க்க வேண்டும். வேலூரில் அப்படிப் பார்த்த பிறகே அந்தத் தாள் வந்தது. அந்தத் திசு நுரையீரலுடையதே என்று உறுதி செய்வதற்குக்கூட ஒரு கட்டுப்படுத்தும் புரதத்தைத்தான் பார்க்கிறார்கள். டி.டி.எஃப்.-1 என்னும் அது, கருவில் நுரையீரலை உருவாக்கும் ஜீன்களைத் திறந்துவிடுவது.

இனி அந்த ஒரு வரியின் பயனைப் பார்ப்போம். ஜெஃபிட்டினிப் என்னும் மாத்திரை சிலருக்கு மட்டும் மந்திரம்போல் வேலை செய்வதன் காரணம் முதலில் விளங்கவில்லை. ஈ.ஜி.எஃப்.ஆர். ஜீனில் மாற்றம் உள்ளவர்களே அந்தச் சிலர் என்று 2004-இல் பாஸ்டன், நியூயார்க் நகர ஆய்வாளர்கள் கண்டனர். நம் நாட்டில், அடினோகார்சினோமா என்னும் வகை நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களில் நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை இந்த மாற்றம் காணப்படுகிறது. சிக்கிய பொத்தானின் உட்பக்கத்தில் மாத்திரை போய்ச் செருகிக்கொள்ளும், மணி ஓயும். மிக் அடங்கும், அதன் கீழுள்ளவை அடங்கும், கட்டி சுருங்கும்.

நிரந்தரமாக அன்று. பெரும்பாலோருக்கு ஓராண்டு போல, புதிய மாத்திரைகளில் இன்னும் சற்று நீண்டு, பின்னர் நோய் வழி கண்டுகொள்கிறது. சிலரிடம் அதே ஜீனில் இன்னோர் எழுத்து மாறுகிறது. இன்னும் சிலரிடம் நடப்பது எங்களைத் திகைக்க வைத்தது. புற்றுநோய்ச் செல், தான் நுரையீரல் சுவரின் செல் என்பதையே விட்டுவிட்டு, வேறு பக்கங்களைத் திறந்து, சிறுசெல் புற்றுநோய் என்னும் வேறு வகையாக உருமாறுகிறது. ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் அதனுள் அப்படியே இருக்கும். ஆனால் அந்தப் பொத்தானை அது இப்போது பொருட்படுத்துவதில்லை. சமையல் நோட்டு அதேதான். சமையல்காரர் வேறு சமையலுக்குப் போய்விட்டார். அப்போது மறுபடி திசு எடுத்துப் பார்த்து மருந்தை மாற்ற வேண்டியிருக்கும்.

ஆயா மாத்திரை தொடங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. முகத்தில் பரு போலத் தடித்திருக்கிறது. தோலுக்கும் அதே ஈ.ஜி.எஃப்.ஆர். தேவைப்படுவதால் அப்படி ஆகிறது என்று இப்போது எங்கள் தோழியே வீட்டாருக்கு விளக்குகிறாள். மூச்சு வாங்குவது குறைந்து, கிணற்றடி வரை போய் வருகிறாராம். பொங்கலுக்கு முன் அடுப்பை வெளித் தாழ்வாரத்திற்கு மாற்றினார்கள். எரிவாயு அடுப்பும் வீட்டில் இருக்கிறது. சிலிண்டர் தீர்ந்துவிட்டால் வண்டி நிற்கும் சாலையிலிருந்து அதைத் தலையில் சுமந்து ஏற்ற வேண்டும். ஆள் கிடைக்கும் வரை விறகுதான். அந்த நாள்களில் சமைப்பது ஆயா அல்ல, எங்கள் தோழியின் அம்மா.